மூன்று நிற ராணியும் நான் கொடுத்த கேரண்டியும்

அரைகுறையாகப் படித்தவர்களால்தான் உலகத்துக்கு ஆபத்து என்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அரைகுறையாகப் படித்தவர்களுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பயம் இருக்கும், வாயைத் திறக்குமுன் ஒருமுறை யோசிப்பார்கள். நிஜமான ஆபத்து, பாடத்தை முழுக்கப் படித்து, பரீட்சையில் நல்ல மார்க்கும் வாங்கி, பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் கிடந்த ஒரே ஒரு குறிப்பை மட்டும் "இது வராது" என்று தாண்டிப் போனவர்களால் வருவது. சந்தேகமாக இருந்தால் மார்த்தாண்டத்தில் எங்கள் அக்கா வாழ்க்கைப்பட்ட ஜவுளிக்கடைக்குப் போய், "இந்தச் சேலைக்கு நித்யா கேரண்டி உண்டா?" என்று கேட்டுப் பாருங்கள். பில் போடுகிறவர்கள் வரைக்கும் சிரிப்பார்கள்.

அந்த நித்யா நான்தான்.

அப்போது எம்.எஸ்ஸி. விலங்கியல் முதல் வருஷம். தோவாளையில் வீடு, நாகர்கோவிலில் காலேஜ். மரபியல் பேப்பர் ஆரம்பித்த நாளிலிருந்து எனக்கு ஒரு மாதிரி ஜுரம். பார்க்கிறது எல்லாம் குரோமோசோமாகத் தெரிந்தது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் யாராக இருந்தாலும் விடமாட்டேன். "கோவேறு கழுதை ஏன் குட்டி போடாது தெரியுமா அக்கா? குதிரைக்கு அறுபத்து நாலு குரோமோசோம், கழுதைக்கு அறுபத்திரண்டு. ரெண்டுக்கும் பொறந்ததுக்கு அறுபத்து மூணு. எப்படி ஜோடி சேரும், சொல்லுங்க!" என்று வெள்ளமடம் வருவதற்குள் முடித்துவிடுவேன். (ஒரு அக்கா வெள்ளமடத்திலேயே இறங்கிவிட்டார். அவர் டிக்கெட் எடுத்திருந்தது நாகர்கோவிலுக்கு என்று பிறகு கண்டக்டர் சொன்னார்.)

வீட்டிலும் இதே கதைதான். தோசையைக் கையில் வைத்துக்கொண்டு நடப்பேன். ஒரு அறையில் சொல்ல ஆரம்பித்ததை அடுத்த அறையில் முடிப்பேன். "இதுக்கு வெப்ராளம், ஒரு இடத்துல இருக்க மாட்டா" என்பாள் அம்மா. "எட்டு மாசத்திலேயே சாடி வெளிய வந்த பிள்ளைல்லா. அங்கயும் இருக்கப் பொறுக்கல."

அப்பாவுக்குப் பிச்சிப்பூ மொத்த வியாபாரம். கடைக்குப் பின்னால் நனைந்த சாக்குகளைக் குவித்து வைத்திருப்போம். அந்தச் சாக்கில்தான் ஒரு தெருப்பூனை குட்டி போட்டு, மற்றதையெல்லாம் கவ்விக்கொண்டு போய், ஒன்றை மட்டும் விட்டுவிட்டது. வெள்ளை உடம்பில் அங்கங்கே கறுப்பு, அங்கங்கே ஆரஞ்சு. மூன்று பூனைகளைக் கிழித்து ஒட்டுப் போட்டுத் தைத்த மாதிரி இருந்தது. தூக்கி மடியில் வைத்த கையோடு ராணி என்று பெயர் வைத்தேன்.

"பெட்டையா?" என்றார் அப்பா.

"மூணு கலர்ப்பா. பெட்டையாத்தான் இருக்கணும்."

காரணத்தைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள். பூனைக்கு ஆரஞ்சு நிறமா கறுப்பு நிறமா என்று முடிவு செய்கிற ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண் பூனைக்கு இரண்டு எக்ஸ். ஒன்றில் ஆரஞ்சும் மற்றதில் கறுப்பும் இருந்தால், கருவில் இருக்கும்போதே உடம்பின் ஒவ்வொரு செல்லும் ஏதாவது ஒரு எக்ஸை அணைத்துப் போட்டுவிடும். அதனால் தோலில் ஒரு திட்டு கறுப்பு, ஒரு திட்டு ஆரஞ்சு. (வெள்ளை தனிக் கணக்கு. அதை விடுங்கள்.) ஆண் பூனைக்கு ஒரு எக்ஸ், ஒரு ஒய். இருக்கிற ஒரே எக்ஸில் ஒன்று கறுப்பு, இல்லையென்றால் ஆரஞ்சு. இரண்டும் சேர வழியே இல்லை. ஆகவே மூன்று நிறமா, பெண். முடிந்தது கதை. இவ்வளவு அழகான கணக்கை வைத்துக்கொண்டு யாராவது பூனையின் பின்பக்கத்தைப் போய்ப் பார்ப்பார்களா?

இந்தச் சமயத்தில்தான் அக்கா சிந்துவுக்கு மார்த்தாண்டம் சம்பந்தம் வந்தது. நெடுஞ்சாலை ஓரத்தில் கீழே ஜவுளிக்கடை, மேலே வீடு. மாப்பிள்ளையின் அம்மா சுலோசனா அத்தைதான் கடையின் முதலாளி, மேனேஜர், போலீஸ் எல்லாம். மாமா கல்லாவில் உட்கார்ந்து வெற்றிலை போடுவார்.

மாப்பிள்ளை நல்ல பையன் என்று அக்கா ஒத்துக்கொண்டாள். ஆனால் அவளுக்கு உண்மையில் கண் இருந்தது அந்தக் கடையின் பட்டு செக்‌ஷன் மேலே. (மாப்பிள்ளைக்கும் இது தெரியும். அவரே சொல்லிச் சிரிப்பார்.) சின்ன வயதிலிருந்தே அவளுக்குத் துணிப் பைத்தியம். கண்ணை மூடிக்கொண்டு ஜரிகையைத் தடவிப் பார்த்து எந்த ரகம் என்று சொல்லுவாள். பி.காம். முடித்துவிட்டு நாகர்கோவிலில் ஒரு பட்டுக்கடையில் வேலையும் பார்த்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அடுப்படியில் நிற்காமல் பட்டுப் பக்கம் உட்கார வேண்டும், அதுதான் அவள் கேட்ட ஒரே விஷயம். கேட்டதற்கு அத்தை சொன்ன பதில் ஒரே வார்த்தை: "பாப்போம்."

அந்தப் "பாப்போம்" மேலேதான் என் அக்காவின் எதிர்காலம் முழுக்க அப்போது தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதன் கீழே போய்க் குதித்து விளையாடினேன்.

நிச்சயத்தன்று எங்கள் வீட்டு முன்னறையில் இரண்டு குடும்பமும் உட்கார்ந்திருந்தது. நடுவில் தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம். ராணி உள்ளேயிருந்து வந்து நேராக அத்தையின் மடியில் ஏறிச் சுருண்டுகொண்டது.

"பூச்ச கொள்ளாமே!" என்று பூனையை மெச்சினார் அத்தை. அதுவரை அவர் முகத்தில் நாங்கள் பார்க்காத ஒரு சிரிப்பு. "எங்க கடையில எலித்தொல்லை சகிக்கல மைனி. துணிய பேல் பேலாக் கடிச்சுப் போடுது. முன்ன ஒரு கடுவன் பூச்ச வளத்தோம். எலியப் பிடிச்சுது, இல்லேன்னு சொல்லல. ஆனா ஓணத்துக்கு வந்த வேட்டிக்கட்டு அத்தனையிலும் பீச்சி வச்சுட்டுது. அந்த நாத்தம் எந்த சோப்புக்கும் போவாது. இனி கடுவன் நம்ம வாசல் மிதிக்கப்படாதுன்னு அண்ணைக்கே சொல்லிட்டேன். இது என்ன, பெட்டைதானா?"

"வாலைத் தூக்கிப் பாத்தாப் போச்சு" என்று சொல்லிக்கொண்டே அத்தை கையைக் கொண்டுபோனார்.

நான் பாய்ந்து ராணியைப் பறித்துக்கொண்டேன்.

"அத்தை, அதெல்லாம் பழைய முறை! கலரைப் பாத்தாலே போதும்."

அக்கா வாசல் நிலைக்குப் பின்னால் நின்று, "ஏட்டி, வேண்டாம்" என்று உதட்டை மட்டும் அசைத்தாள். எனக்குக் கேட்கவில்லை. (உதட்டசைவு கேட்காதுதான். ஆனால் தெரிந்தது. கண்டுகொள்ளவில்லை.) ராணியை ஒரு கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தாம்பூலத் தட்டின் முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்தேன். மற்ற கையால் வெற்றிலைகளை எடுத்துத் தரையில் பரப்பினேன். அம்மா நெஞ்சில் கை வைத்தாள். இன்னும் மாற்றிக்கொள்ளாத தாம்பூலத்தை ஒருத்தி கலைப்பதை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை.

"வெத்தலை எக்ஸ். பாக்கு ஒய்" என்றேன். "ரெண்டு வெத்தலை சேந்தா பொண்ணு. ஒரு வெத்தலை ஒரு பாக்குன்னா ஆணு. மனசிலாச்சா அத்தை?"

"ம்" என்றார் அத்தை. வந்த இடத்தில் வேறென்ன சொல்வார்.

"கறுப்புக்கு ஒரு வெத்தலை வேணும், ஆரஞ்சுக்கு ஒரு வெத்தலை வேணும். அப்போ ரெண்டு கலரும் இருக்குன்னா?"

மாமா மட்டும் ஆர்வமாகக் குனிந்து பார்த்தார். நான் விரித்து வைத்திருந்த இரண்டு வெற்றிலையையும் எடுத்து, பக்கத்தில் கிடந்த பாக்கையும் எடுத்து, எல்லாவற்றையும் சேர்த்து மடித்துக் காட்டி, "ரெண்டு வெத்தலையும் ஒரு பாக்குமா வந்தா என்ன மக்கா?" என்று கேட்டார். அவர் வெற்றிலை போடுகிறவர். அவருக்கு அது சாதாரணக் கேள்வி.

அந்த நொடியில் பாடப்புத்தகத்தின் அந்தப் பொடி எழுத்து என் மண்டைக்குள் ஒருமுறை கண் சிமிட்டியது. எக்ஸ் எக்ஸ் ஒய். முப்பத்தெட்டுக்குப் பதில் முப்பத்தொன்பது குரோமோசோம். ஆண் பூனைதான், ஆனால் எக்ஸ் இரண்டு இருப்பதால் மூன்று நிறமும் வரும். அபூர்வத்திலும் அபூர்வம். எங்கள் மேடம்கூட, "நான் என் சர்வீஸில பாத்ததில்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருந்தார். பாடம் இவ்வளவு ஜோராகப் போய்க்கொண்டிருக்கும்போது அதைச் சொன்னால் எடுப்பு குறைந்துவிடாதா?

"அது வராது மாமா" என்றேன்.

மாமா ஒத்துக்கொண்டு, எக்ஸ் எக்ஸ் ஒய்யை வாயில் போட்டு மெல்ல ஆரம்பித்தார்.

அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தா பாரு பிள்ளே. எங்க கடையில ஒரு பழக்கம் உண்டு. சாயம் போவும்னா போவும்னு சொல்லித்தான் விப்போம். போவாதுன்னு சொன்னா, போவப்படாது. பட்டுப் பக்கத்துல ஆளு உக்கார வைக்கதுகூட அதைப் பாத்துத்தான். நீ சொல்லு, இது பெட்டைதானா?"

"கேரண்டி அத்தை" என்றேன். "நூத்துக்கு நூறு."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

ராணி பிச்சிப்பூக் கூடையில் உட்கார்ந்து மார்த்தாண்டம் போனது. கல்யாணத்துக்கு இன்னும் மாதங்கள் இருந்தன. முதலில் வந்ததெல்லாம் நல்ல சேதிதான். "எலி ஒண்ணு மிச்சமில்ல" என்று அத்தை போனில் சொன்னபோது, சிந்துவைப் பட்டுப் பக்கம் உட்கார வைக்கப் போவதே நான்தான் என்ற அளவுக்கு எனக்குத் தலைக்கனம் வந்துவிட்டது. "பாத்தியா!" என்று அவள் பின்னாலேயே திரிந்தேன். "பாப்போம்" என்றாள் அவள். மாமியார் பாஷையை அதற்குள் பிடித்துவிட்டாள்.

பிறகு வீடியோ காலில் கேள்விகள் வரத் தொடங்கின.

"ஏ நித்யா, ராணிக்கு மூஞ்சி என்ன இப்பிடிப் பரந்து போச்சு?"

"உங்க வீட்டு மீன்சாப்பாடு அத்தை."

"தொண்டையும் கட்டக்குரலா இருக்கு. தெருவுல நின்னு விளிச்சா அஞ்சு வீட்டுக்குக் கேக்கும்."

"சில பெண்களுக்கு அப்படித்தான் அத்தை."

"கடையில ஒரு நாத்தம் வருது பாத்துக்க."

இதற்கு மட்டும் ஒரு கணம் தயங்கினேன். தயங்கிவிட்டு, "சாக்கடையா இருக்கும்" என்றேன்.

நான் சொன்னேன் என்பதற்காகச் சுலோசனா அத்தை கடையின் பின்பக்கத் தரையை உடைத்து, சாக்கடைக் குழாயை மாற்றி, புது டைல்ஸ் போட்டார். நாற்றம் போகவில்லை. பக்கத்து ஓட்டல்காரரோடு சண்டை போட்டார். அப்போதும் போகவில்லை. சேல்ஸ்மேன் தங்கராஜ் அண்ணன் ஷூவை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு வர வேண்டும் என்று உத்தரவானது. காரணம் தெரிந்த பிறகு அந்த மனுஷன் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார், இப்போதும்.

எனக்கோ ஒன்றும் உறைக்கவில்லை. அந்த மாதங்களில் நான் வேறு ஜுரத்தில் இருந்தேன். ஆணோடு இரட்டையாகப் பிறந்த பசுக்கன்று பெரும்பாலும் சினையாகாது என்று படித்திருந்தேன். தோவாளை முழுக்க இரட்டைக் கன்று தேடித் தெருத் தெருவாக அலைந்துகொண்டிருந்தேன். ஒரு இடத்தில் நின்றால்தானே உறைக்க.

முகூர்த்தப் பட்டு எடுக்கிற நாள் வந்தது. வேறு எங்கே போவது, சம்பந்தி கடைக்குத்தான். அப்பா கடைச் சாமி படத்துக்கென்று எங்கள் ஊர்ப் பூமாலையான மாணிக்கமாலை ஒன்றும், ஒரு கூடை பிச்சியும் கொண்டுவந்தார். பட்டுப் பகுதியில் மெத்தை போட்டு அதன்மேல் வெள்ளை விரிப்பு விரித்திருந்தார்கள். நாங்கள் சுற்றி உட்கார்ந்தோம். சேலையை விரித்துக் காட்டுவதற்கு அன்று அத்தையே உட்கார்ந்தார். ஒவ்வொரு சேலையைக் காட்டும்போதும் சிந்துவிடம் ஒரு கேள்வி. "இது எந்த ஊரு நெசவு? இதுல ஜரிகை எப்படி?" அது சேலை எடுக்கிற நாள் மட்டுமல்ல, பட்டு செக்‌ஷனுக்கான இன்டர்வியூவும்தான் என்று எனக்கே புரிந்தது. அக்கா தடுமாறாமல் பதில் சொன்னாள். கடைசியில் அரக்கு நிறத்தில் மாம்பழ நிற பார்டர் வைத்த ஒன்றைத் தொட்டு, "இது" என்றாள்.

"கொள்ளாம்" என்றார் அத்தை. "கண்ணு உண்டு உனக்கு." சேலையைப் பிரித்து முந்தானையை அக்காவின் தோளில் போட்டார். அம்மாவுக்குக் கண் கலங்கியது. அப்பா பிச்சிப்பூவை ஒரு கை அள்ளி மெத்தையில் வைத்தார். மாடிப்படியிலிருந்து ராணி இறங்கி வந்தது.

எப்படி வளர்ந்திருந்தது என்கிறீர்கள்! தலை ஒரு சின்னத் தேங்காய் அளவு. நடையில் ஒரு கவுன்சிலர் தோரணை. எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தது. பிச்சிப்பூவை மோந்தது, அது பிடிக்கவில்லை. மெத்தையில் குவிந்து கிடந்த அரக்குப் பட்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றது. வாலைக் கொடிமரம் மாதிரி நேராகத் தூக்கியது. வாலின் நுனி ஒருமுறை நடுங்கியது.

பிறகு நடந்ததை நாகரிகமாகச் சொல்ல வேண்டுமென்றால், நூல்பிடித்த மாதிரி நேர்க்கோட்டில் நடந்தது.

சேலையில், விரிப்பில், பிச்சிப்பூவில், அப்பாவின் வேட்டி ஓரத்தில். அந்த நாற்றத்தில் பிச்சிவாசனை ஒரே நொடியில் செத்துப் போனது. வேலையை முடித்த ராணி தூக்கிய வாலை இறக்காமலே மெதுவாக எங்கள் எல்லாருக்கும் முன்னால் நடந்து போனது. வாலுக்குக் கீழே, வெள்ளை மயிரில், வேப்பங்கொட்டை அளவில் இரண்டு. அது என்ன என்று யாருக்கும் பாடம் நடத்தத் தேவையில்லை.

"நித்யா" என்றார் அத்தை. சத்தமே இல்லாத குரல். "இங்க வந்து பாரு. இது என்ன?"

நான் குனிந்து பார்த்தேன். முதல்முறையாகப் பார்த்தேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் அறிவுள்ள பெண் என்றால் அழுதிருப்பாள். காலில் விழுந்திருப்பாள். குறைந்தபட்சம் வாயை மூடிக்கொண்டு நின்றிருப்பாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? துள்ளினேன்.

"ஆணு! அத்தை, இது ஆணு! மூணு கலர் ஆணு! மாமா, நீங்க கேட்டீங்களே, ரெண்டு வெத்தலையும் ஒரு பாக்கும்! வந்துட்டு மாமா! வந்துட்டு!"

சொல்லிக்கொண்டே அத்தையைக் கட்டிப்பிடித்தேன். (அக்கா இப்போதும் மன்னிக்காத இடம் இதுதான்.) பாய்ந்து ராணியைப் பிடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். மற்ற கையால் மரபியல் மேடத்துக்குப் போன் போட்டேன். காதில் வைக்கப் பொறுமை இல்லாததால் ஸ்பீக்கர்.

"மேடம்! மூணு கலர்ப் பூனை, ஆணு!"

"இருக்காது" என்றார் மேடம். "வாலைத் தூக்கிப் பாத்தியா?"

கடை முழுக்கக் கேட்டது. அத்தை மெதுவாகத் தலையை நிமிர்த்தினார். எம்.எஸ்ஸி. பாடம் நடத்துகிறவரும் கேட்டது அதே கேள்வியை.

"பாத்துட்டேன் மேடம், இப்பத்தான் பாத்தேன். ரெண்டும் இருக்கு!"

"அடடா! விட்டுராதம்மா! எக்ஸ் எக்ஸ் ஒய்யாத்தான் இருக்கும்!" மேடமும் என் ஜாதிதான், சந்தோஷம் வந்தால் நிறுத்தத் தெரியாது. ஸ்பீக்கரில் அவர் குரல் மணிமாதிரி ஒலித்தது. "மலடாத்தான் இருக்கும் பாத்துக்க! வம்சம் விருத்தியே ஆகாது! ரொம்ப ரொம்ப சந்தோஷம்!"

முகூர்த்தப் பட்டின் முன்னால், இரண்டு சம்பந்தி வீட்டார் நடுவில், இந்த வாழ்த்து.

அம்மா "அய்யாவே" என்று சொல்லித் தலையில் கை வைத்துக்கொண்டாள். அப்பா வேட்டி நுனியைப் பிடித்துத் தூக்கியபடி நின்றவர் அப்படியே நின்றார். நான் போனை அணைத்தேன். அதற்குப் பிறகுதான், முதன்முறையாக, அக்காவின் முகத்தைப் பார்த்தேன். தோளில் முந்தானை அப்படியே கிடந்தது. கோபமாக இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எல்லாம் முடிந்துவிட்டது என்கிற முகம் அது. துள்ளிக்கொண்டிருந்த என் கால் நின்றது. அத்தனை வருஷத்தில் நான் அசையாமல் நின்றது அன்றைக்குத்தான் என்று அம்மா சொல்வாள்.

அத்தை தரையில் கையூன்றி எழுந்தார். "பட்டு போனா போட்டும். சாக்கடையத் தோண்டினேன், அதுவும் போட்டும். தங்கராஜ் ஷூவைக் கழத்த வச்சேன், அந்தப் பாவத்த எங்க கொண்டு வைக்கது? ஒத்த வார்த்தை மக்களே. எனக்குத் தெரியாது அத்தைன்னு ஒத்த வார்த்தை சொல்லிருந்தா நான் தூக்கிப் பாத்திருப்பேன். கேரண்டின்னியே."

ராணி என் கக்கத்திலிருந்து நெளிந்து இறங்கிப் போய்விட்டது.

அடுத்து வாயைத் திறந்தது தங்கராஜ் அண்ணன். பாவம், நல்லெண்ணத்தில்தான் சொன்னார். "விடுங்கம்மா. பொண்ணுக்கு வேற எடுத்துக் குடுப்போம். இதை டிரை கிளீன் பண்ணி, சென்ட் அடிச்சு அலமாரிக்கு அடியில வச்சிட்டா ரெண்டு மாசத்துல வாடை அடங்கிரும். ஆருக்குத் தெரியப் போவுது?"

"வேண்டாம் அண்ணே."

சொன்னது சிந்து. தோளிலிருந்து முந்தானையை எடுத்தாள். ஈரம் பட்ட இடத்தை உள்பக்கமாக வைத்து நிதானமாகச் சேலையை மடித்தாள். பக்கத்தில் கிடந்த மற்ற சேலைகளை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்து, தெறித்த ஒன்றைத் தனியாக எடுத்து அதோடு சேர்த்தாள்.

"இது ரெண்டும் திரும்ப அலமாரிக்குப் போவப்படாது. நாளைக்கு எவளாவது ஒருத்தி இதை முகூர்த்தத்துக்குக் கட்டிட்டு வேர்த்து நிப்பா. வாடை அப்பத்தான் எழும்பும். ரெண்டையும் நானே எடுத்துக்கிடுதேன். எங்க வீட்டுப் பூனை பண்ணினது." இரண்டு சேலையையும் தன் பக்கம் நகர்த்தி வைத்தாள். "எங்க வீட்டுல ஒருத்தி பாக்காமலே கேரண்டி குடுத்தா. இன்னொருத்தி, பாத்து வச்சுக்கிட்டும் கேரண்டி குடுத்தான்னு வரப்படாது அத்தை."

அத்தை அவளையே பார்த்தார். கல்லாவில் மாமா மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

"தங்கராஜ்" என்றார் அத்தை. "உள்ள அந்த மூணாவது அலமாரியில புதுசு வந்த கட்டு இருக்குல்லா?"

"எடுக்கேன்மா."

"நீ எடுக்காண்டாம். தள்ளி நில்லு." அலமாரிச் சாவியை இடுப்பிலிருந்து உருவி அக்காவிடம் நீட்டினார். "நீ உள்ள போயி எடு. எங்க என்ன இருக்குன்னு இப்பமே பழகிக்கிடணும்லா."

அக்கா சாவியை வாங்கிக்கொண்டு மெத்தையைச் சுற்றி, விற்கிறவர்கள் நிற்கிற பக்கத்துக்குப் போனாள். அம்மா அழுதாள். அப்பா வேட்டி நுனியை விட்டார். நான் சிரிக்கப் போனேன்.

"நீ சிரிக்காதே" என்றார் அத்தை. "நீ போயி அந்த விரிப்பத் துவைச்சுட்டு வா."

துவைத்தேன். அந்த நாற்றம் உண்மையிலேயே எந்த சோப்புக்கும் போகாது.

ராணியை மட்டும் அத்தை திருப்பி அனுப்பவில்லை. "எலி பிடிக்குதுல்லா, கிடக்கட்டும்" என்று மிருக டாக்டரிடம் கொண்டுபோய்க் காயடிக்கச் செய்தார். டாக்டர் சீட்டில் "பெயர்: ராணி. பால்: ஆண்" என்று எழுதிவிட்டு இரண்டு முறை பேனாவை நிறுத்தி யோசித்தாராம். அதற்குப் பிறகு கடையில் நாற்றம் அடங்கியது. குரோமோசோமைப் பார்த்து உறுதி செய்ய ஒரு சொட்டு ரத்தம் மட்டும் எடுத்துத் தாருங்கள் என்று நான் கெஞ்சினேன். "பூச்சைக்க ரத்தத்த எடுக்கணும்னா, மொதல்ல உனக்க ரத்தத்தக் குடு" என்று அத்தை முடித்துவிட்டார். ஆகையால் அது எக்ஸ் எக்ஸ் ஒய்தானா, இல்லை இரண்டு கரு வயிற்றிலேயே ஒட்டி ஒன்றாகிப் பிறந்ததா என்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது. (பார்த்தீர்களா, அடிக்குறிப்பு. இப்போதெல்லாம் விடுவதில்லை.) மார்த்தாண்டம் போகும்போதெல்லாம் அது பட்டு மெத்தையில் படுத்துக்கொண்டு என்னைப் பார்க்கும். என் கை துருதுருக்கும். அத்தையும் என்னைப் பார்ப்பார். கையை மடக்கிக்கொள்வேன்.

மற்றபடி எங்கள் இரண்டு குடும்பத்திலும் அந்த ஒரு கேள்வி நிலைத்துவிட்டது. மழை வராது என்று சொன்னால், "வாலைத் தூக்கிப் பாத்தியா?" பஸ் ஆறு மணிக்குத்தான் என்றால், "வாலைத் தூக்கிப் பாத்தியா?" நெய்யூர் ஆஸ்பத்திரியில் அக்காவுக்குக் குழந்தை பிறந்து, நர்ஸ் வெளியே வந்து பெண் குழந்தை என்று சொன்னபோது, அத்தை நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லாப் பாத்துத்தான சொல்லுதிய? எங்க வீட்டுல கலரைப் பாத்துச் சொல்லுத ஒருத்தி உண்டு" என்றார். நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

போன மாதம் எனக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை ஷார்ஜாவில் என்ஜினியர் என்று தரகர் சொன்னார். பெண் பார்க்கிற அன்று மார்த்தாண்டத்திலிருந்து அத்தையும் வந்திருந்தார். தாம்பூலத் தட்டை என் கைக்கு எட்டாத தூரத்தில்தான் வைத்திருந்தார்கள். பேச்சு முடிந்ததும் எங்களைப் பின்பக்கம் மல்லிகைச் செடிகளிடம் அனுப்பினார்கள். அவர் கக்கத்தில் வைத்திருந்த பிளாஸ்டிக் ஃபைலை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"என்ன இது?"

"டிகிரி சர்டிபிகேட். ஒரிஜினல்" என்றார் முகத்தில் சிரிப்பே இல்லாமல். "நீங்க பாக்காமலே நம்பிருவியன்னு மார்த்தாண்டத்துல சொன்னாவ. அதான் நானே கொண்டு வந்தேன்."

உள்ளேயிருந்து அத்தையின் குரல் வந்தது. "ஏட்டி நித்யா, பாத்தியா?"

ஃபைலைத் திறந்து சர்டிபிகேட்டை வெளியே எடுத்தேன். பெயர், காலேஜ், முத்திரை, கையெழுத்து, அடியில் பொடி எழுத்தில் இருந்தது எல்லாவற்றையும் படித்தேன். பிறகு அதைத் திருப்பி, பின்பக்கமும் பார்த்தேன்.